காணாமற்போன மைதானம்

மொட்டை மாடியைக் கழுவிவிட்ட அனுபவம் உங்களுக்கு உண்டு அல்லவா? வீடு கட்டிக்கொடுத்த மேஸ்திரி, "ரசமட்டம் வைத்துப் பார்த்து வாட்டம் கொடுத்திருக்கிறேன், அம்மா! ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்காது" என்று சத்தியம் செய்திருப்பார். நின்று பார்த்தால் உங்கள் கண்ணுக்கும் தளம் முழுவதும் ஒரே சீராகத்தான் தெரியும். ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிப் பாருங்கள், குட்டு உடைந்துவிடும். பாதித் தண்ணீர் குழாயை நோக்கி ஓடும். மீதிப் பாதி கொடிக்கம்பத்தின் அடியில் போய்க் குளம் கட்டிக்கொண்டு, துடைப்பத்தால் தள்ளத் தள்ளத் திரும்பி வரும்.

கண்ணுக்குத் தெரியாத அந்த மேடு பள்ளம்தான் இந்தக் கட்டுரையின் கதாநாயகன். அதை அளக்க ஆகாய விமானங்கள் பறந்திருக்கின்றன, விண்வெளிக் கப்பல் ஒன்று பூமியைச் சுற்றியிருக்கிறது. அளந்து வந்ததை வைத்துக்கொண்டு சிலர் ராத்தூக்கம் கெட்டு உட்கார்ந்து பொம்மை மைதானங்கள் செய்துகொண்டிருக்கிறார்கள். எல்லாம் கோல்ஃப் விளையாட்டுக்காக!

கோல்ஃப் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். எனக்கும் அந்த ஆட்டம் ஆடத் தெரியாது. இந்தக் கதையைப் புரிந்துகொள்ள ஆடத் தெரிய வேண்டியதும் இல்லை. ஒரு சிறிய வெள்ளைப் பந்து. எடை 46 கிராமுக்குள். நாலேகால் அங்குல அகலத்தில் ஒரு குழி. நூற்றுக்கணக்கான கெஜ தூரத்திலிருந்து மட்டையால் அடித்து அடித்து அந்தப் பந்தை அந்தக் குழியில் தள்ள வேண்டும். குறைந்த அடியில் தள்ளியவர் கெட்டிக்காரர். இப்படிப் பதினெட்டுக் குழிகள். நடுவில் மணற்பள்ளம், ஓடை, மரக்கூட்டம் என்று வேண்டுமென்றே வைத்த இடைஞ்சல்கள். ஒவ்வொரு குழியையும் சுற்றி, ஜமக்காளம் விரித்தாற்போல ஒட்ட வெட்டிய புல்தரை. அதற்குக் கிரீன் என்று பெயர்.

மாடியில் கொட்டிய தண்ணீரின் கதை இந்தக் கிரீனில்தான் நடக்கிறது. பந்து நேராகப் போகிறது, போகிறது, குழிக்கு இரண்டடி இருக்கும்போது யாரோ கூப்பிட்டாற்போல் ஒரு பக்கமாகத் திரும்பிவிடுகிறது. கூப்பிட்டது யார்? தரையின் வாட்டம். நூற்றுக்கு இரண்டு பங்கு சரிவு இருந்தாலே போதும். இந்த ஆட்டத்தில் எதிராளி என்பது சக ஆட்டக்காரர் அல்ல, தரைதான்.

இப்போது கோல்ஃபை வீட்டுக்குள்ளேயே ஆடுகிறார்கள். சுவரில் திரை கட்டி, வலை கட்டி, நிஜ மட்டையால் நிஜப் பந்தை அடிக்கிறார்கள். பந்து எவ்வளவு வேகத்தில் கிளம்பிற்று, எப்படிச் சுழன்றது என்பதைக் காமிராவும் ராடாரும் அளந்து சொல்ல, மீதிப் பயணத்தைக் கம்ப்யூட்டர் திரையில் காட்டுகிறது. மட்டையே இல்லாமல், விரல் அசைப்பில் ஆடுகிறவர்களும் உண்டு. ஆடுகிறவர்களுக்கு எப்படிப்பட்ட மைதானம் வேண்டியிருக்கிறது தெரியுமா? கற்பனை மைதானம் அல்ல. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் வேண்டும், அமெரிக்காவின் அகஸ்டா வேண்டும். அச்சு அசலாக வேண்டும். பதினேழாவது குழியில் அசல் மைதானத்தில் பந்து எந்தப் பக்கம் உருளுமோ, அதே பக்கம் இங்கேயும் உருள வேண்டும்.

இந்தப் பொம்மை மைதானங்களைக் கட்டுகிறவர்களில் பலர் சம்பளக்காரர்களே அல்ல. பகலில் வேறு உத்தியோகம் பார்த்துவிட்டு, சாப்பிட்ட பிறகு கம்ப்யூட்டர் முன் உட்காரும் பேர்வழிகள். ஆரம்பத்தில் இவர்கள் புகைப்படத்தையும் டெலிவிஷனையும் பார்த்துக் கை மனசுக்கு மண்ணைக் குவித்தார்கள். டெலிவிஷனோ மேடு பள்ளத்தைத் தேய்த்துச் சப்பையாக்கிவிடுகிற சாதனம். அகஸ்டாவின் பத்தாவது குழி, தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடத்துக்குள் சுமார் 100 அடி இறங்குகிறது. பத்து மாடிக் கட்டடத்தின் உயரம்! ஆண்டுதோறும் டெலிவிஷனில் பார்ப்பவர்களுக்கு அது ஏதோ பூங்காவில் நடந்து போகிற மாதிரிதான் தெரியும். நேரில் முதல் முறை போகிறவர்கள் வாய் பிளக்கிறார்கள்.

அப்படியானால் அளந்தாக வேண்டும். எப்படி அளப்பது?

நிலத்தை அளக்கிற சமாசாரம் நம் ஊருக்குப் புதிதல்ல. 1802-ல் லாம்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி சென்னைப் பரங்கிமலை அருகே சங்கிலியைப் போட்டு ஏழரை மைல் நீளத்துக்கு அளந்ததுதான் பிற்பாடு இந்தியா முழுவதையும் அளந்த மாபெரும் சர்வேக்கு ஆரம்பம். அந்தக் கணக்கு வளர்ந்து வளர்ந்துதான் 1856-ல் எவரெஸ்டின் உயரம் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. சங்கிலி, தியோடலைட், மலை உச்சியில் விளக்கு, வருஷக்கணக்கில் உழைப்பு, காய்ச்சலில் மடிந்த ஆட்கள் என்று அது பெரிய புராணம்.

இன்றைக்குச் சங்கிலிக்குப் பதில் வெளிச்சம். ஆகாய விமானத்தின் வயிற்றில் ஒரு லேசர் யந்திரத்தைப் பொருத்துகிறார்கள். அது ஒவ்வொரு நொடியும் லட்சக்கணக்கான ஒளித் துணுக்குகளைத் தரையை நோக்கி வீசுகிறது. துணுக்கு தரையில் பட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பார்த்தால் தூரம் தெரிந்துவிடும். கிணற்றில் கல்லைப் போட்டு, சத்தம் வரும் வரை எண்ணி, ஆழத்தை மதிப்பிடுகிறோமே, அதே தந்திரம். ஆனால் வெளிச்சத்தின் அவசரத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு நொடியை நூறு கோடிப் பங்காக்கி அதில் ஒரு பங்கை எடுத்தால், அதற்குள் வெளிச்சம் 30 சென்டிமீட்டர் ஓடிவிடும். போக, வர என்று பார்த்தால் உயரத்தில் 15 சென்டிமீட்டர். பந்து உருளுவதற்குப் பயன்படும்படி அளக்க வேண்டுமானால் அந்த நூறு கோடியில் ஒரு பங்கையும் மேலும் கூறு போடுகிற கடிகாரம் வேண்டும். வேண்டும் என்ன, இருக்கிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது மரத்தின் விஷயம். ஒரு துணுக்கு கீழே வரும்போது கொஞ்சம் இலையில் பட்டுத் திரும்பிவிடும். கொஞ்சம் கிளையில். மிச்சம் மீதி இலைச் சந்துகளில் நுழைந்து மண்ணைத் தொட்டுத் திரும்பும். கடைசியாகத் திரும்புவதுதான் பெரும்பாலும் மண். அந்தக் கடைசிப் பதில்களை மட்டும் பொறுக்கிச் சேர்த்தால் காடு முழுவதும் மறைந்து, அடியில் இருக்கும் தரை மொட்டையாக வெளிப்படும். முறத்தில் புடைத்தால் உமி பறந்து அரிசி நிற்பதில்லையா, அப்படி.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1971 பிப்ரவரியில் அப்போலோ 14-ல் சந்திரனுக்குப் போன ஆலன் ஷெப்பர்ட், கல் பொறுக்கும் கருவியின் நுனியில் கோல்ஃப் மட்டையின் தலையை மாட்டி இரண்டு பந்துகளை அங்கே அடித்தார். அதே வருஷம் சில மாதங்களுக்குப் பின் போன அப்போலோ 15 கலம், லேசர் கொண்டு சந்திரனின் மேடு பள்ளங்களை மேலிருந்து அளந்தது. கோல்ஃபும் லேசரும் ஒரே வருஷத்தில் சந்திரனுக்குப் போயிருக்கின்றன! அந்த இரண்டும் பூமியில் சந்தித்துக்கொள்ள மேலும் பல வருஷங்கள் ஆயின.

* * *

பூமி முழுவதையும் ஒரேயடியாக அளக்க முயன்ற கதை ஒன்று இருக்கிறது. 2000-ஆம் வருஷம் பிப்ரவரியில் என்டெவர் என்ற அமெரிக்க விண்வெளி ஓடம் ஆறு பேருடன் கிளம்பி, பதினோரு நாட்களில் பூமியின் நிலப்பரப்பில் சுமார் 80 சதவிகிதத்தை ராடாரால் அளந்துவிட்டுத் திரும்பிற்று. ஆறு பேரில் இருவர் பெண்கள்: ஜானட் கவாண்டி, ஜானிஸ் வாஸ். ஓடத்திலிருந்து 60 மீட்டர் நீளத்துக்கு ஒரு கம்பத்தை நீட்டி அதன் நுனியில் இன்னொரு ராடார்க் காதை வைத்தார்கள். இரண்டு எதற்கு என்கிறீர்களா? ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள், புரியும்.

அந்த அளவு முதலில் உலகத்துக்கு 90 மீட்டருக்கு ஒரு புள்ளியாகவும், 2014 முதல் 30 மீட்டருக்கு ஒரு புள்ளியாகவும் வெளியிடப்பட்டது. புள்ளிக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் இந்த இடம் கடல் மட்டத்துக்கு மேல் இத்தனை உயரம் என்று ஓர் எண். புள்ளிகளை இணைத்தால் தரை எழுந்து நிற்கும். மலைக்கும் பள்ளத்தாக்கிற்கும் 30 மீட்டர்ப் புள்ளி தாராளம். ஆனால் ஒரு கோல்ஃப் கிரீன் முழுவதுமே சாதாரணமாக ஐந்நூறு, அறுநூறு சதுர மீட்டர்தான். 30 மீட்டருக்கு ஒரு புள்ளி வைத்தால் கிரீனுக்குள் ஒரு புள்ளியாவது விழும் என்று நிச்சயமில்லை! ஒற்றைப் புள்ளியில் யார் கோலம் போடுவது?

விமான லேசரில் அந்தக் கஷ்டம் இல்லை. அமெரிக்க நில ஆய்வு இலாகா நாடு முழுவதும் செய்துவரும் அளவையில் ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது இரண்டு புள்ளிகள். உயரத்தில் பிழை ஏறக்குறைய 10 சென்டிமீட்டருக்குள். இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் இலாகாவும் வருஷக்கணக்காக விமானம் பறக்கவிட்டு அளந்து வைத்திருந்தது. அவர்கள் எதற்காக அளந்தார்கள்? கோல்ஃபுக்காகவா? வெள்ள பயத்துக்காக! ஆறு கரை புரண்டால் யார் வீட்டு வாசலில் தண்ணீர் ஏறும், எந்தத் தெரு தப்பும் என்று முன்கூட்டியே கணக்குப் போட. 2015-ல் அந்த அளவுகளை எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். புதைந்து கிடந்த ரோமானியச் சாலைகளைத் தேடிப் பழம்பொருள் ஆராய்ச்சிக்காரர்கள் ஓடி வந்தார்கள். கூடவே, கோல்ஃப் பைத்தியங்களும் ஓடி வந்தார்கள். தண்ணீர் எங்கே ஓடும் என்று அறியச் சேர்த்த எண்கள், பந்து எங்கே உருளும் என்று சொல்லவும் போதுமானவையாக இருந்தன.

எண்கள் கிடைத்துவிட்டன. மைதானம் எப்படி முளைக்கிறது? உயரத்தை நிறமாக மாற்றுகிறார்கள். மிகத் தாழ்ந்த இடம் கன்னங்கரேல். மிக உயர்ந்த இடம் வெள்ளை வெளேர். நடுவே சாம்பல் சாயைகள். பார்த்தால் பழைய எக்ஸ்ரே படம் மாதிரி இருக்கும். கம்ப்யூட்டர் அதை வாங்கிக்கொண்டு, வெளுப்பை மேலே தூக்கி, கறுப்பைக் கீழே அமுக்கி, நிலமாக்கிவிடும். இதில் புதியவர்கள் எல்லாரும் தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. சாதாரணப் படத்தில் சாம்பல் நிறத்துக்கு 256 சாயைகள்தான். மைதானத்தின் மொத்த உயர வித்தியாசம் 30 மீட்டர் என்றால், அதை 256 படியாகப் பிரிக்கும்போது ஒரு படி கிட்டத்தட்ட 12 சென்டிமீட்டர். கிரீன், கோயில் குளத்துப் படிக்கட்டு மாதிரி ஆகிவிடும். பந்து தத்தித் தத்தி இறங்கும்! ஆகவே 65,536 சாயைகள் உள்ள படமாகச் சேமிக்கிறார்கள். அப்போது ஒரு படி அரை மில்லிமீட்டர்கூட இல்லை. அதன் பிறகு, விமானத்திலிருந்து எடுத்த வர்ணப் படத்தை மேஜை விரிப்புப் போல அதன்மேல் போர்த்தி, எது புல், எது மணல், எது பாதை என்று ஓரம் பிடித்து வரைகிறார்கள்.

அவ்வளவுதானா என்றால், இல்லை. அங்கேதான் கைவேலையே ஆரம்பம். லேசர் மேலிருந்து பார்ப்பதால், மணற்பள்ளத்தின் உதடு உள்பக்கம் வளைந்திருந்தால் அதற்குத் தெரியாது. செயின்ட் ஆண்ட்ரூஸின் மணற்பள்ளங்கள் பானையின் வயிறு போன்றவை. புல்கட்டிகளை அடுக்கிச் செங்குத்தாகச் சுவர் எழுப்பியிருப்பார்கள். அதைக் கையால்தான் செதுக்க வேண்டும். தண்ணீரில் பட்ட வெளிச்சம் சரியாகத் திரும்பாது. குளத்தை நாமே வெட்ட வேண்டும். முறத்தில் புடைத்ததாகச் சொன்னேனே, அதில் அரிசியும் கொஞ்சம் பறந்துவிடும். தரையை மட்டும் தனியே எடுக்கும்போது பாலங்களையும் வழித்துத் தள்ளிவிடுவது வழக்கம். செயின்ட் ஆண்ட்ரூஸில் பதினெட்டாவது குழிக்குப் போகும் வழியில் ஸ்வில்கன் என்ற சின்னக் கல்பாலம் இருக்கிறது. ஓய்வு பெறும் மகா ஆட்டக்காரர்கள் அதன்மேல் நின்று தொப்பியைக் கழற்றிக் கூட்டத்துக்கு விடை சொல்வார்கள். அது இல்லாத செயின்ட் ஆண்ட்ரூஸை யார் ஒப்புக்கொள்வார்கள்? கல் கல்லாக அதைத் திரும்பக் கட்டியாக வேண்டும். மரங்களும் அப்படியே. புடைத்தெறிந்த மரங்களை அதே அதே இடத்தில் திரும்ப நட வேண்டும். மாதக்கணக்கில் ஆகிறது என்றால் ஏன் ஆகாது?

அகஸ்டாவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஜார்ஜியா மாநிலத்தில், 1933-ல் திறந்த மைதானம். அழைப்பு இல்லாமல் உள்ளே காலடி வைக்க முடியாத இடம். 2011-ல் இ.ஏ. ஸ்போர்ட்ஸ் கம்பெனியார் அனுமதி பெற்று, லேசர் யந்திரத்தைக் கொண்டுபோய் அந்த மைதானத்தை அளந்து, டைகர் உட்ஸ் பெயரில் வெளியிட்டு வந்த விளையாட்டில் சேர்த்தார்கள். கடையில் காசு கொடுத்து வாங்கிய எந்த வீட்டிலும் அகஸ்டா கிரீன்களின் வாட்டம் வந்து இறங்கிற்று. அந்த வருஷம் அகஸ்டா கிளப்பில் உறுப்பினராகப் பெண்கள் எத்தனை பேர் தெரியுமா? ஒருவர்கூட இல்லை! விருந்தாளியாக வந்து ஆடலாம், உறுப்பினராக முடியாது. 2012 ஆகஸ்டில்தான் காண்டலீசா ரைஸ், டார்லா மூர் என்ற இரு பெண்மணிகளை முதன்முதலாகச் சேர்த்துக்கொண்டார்கள். அமெரிக்காவின் வெளிநாட்டு மந்திரியாக இருந்தவர் ரைஸ். உலக நாடுகள் எல்லாம் திறந்த கதவு அகஸ்டாவில் திறக்க அவ்வளவு காலம் ஆயிற்று. 2019-ல் அங்கே பெண்களுக்கென்றே ஒரு பந்தயமும் தொடங்கினார்கள். மதிலுக்கு வெளியே இருந்த பெண், கிளப் மனம் மாறுவதற்கு ஒரு வருஷம் முன்பே, தன் வீட்டுக் கூடத்தில் அந்தப் பத்தாவது குழியின் நூறடிச் சரிவில் இறங்கிப் பார்த்திருக்க முடியும். பொம்மைதான், ஆனாலும் பாருங்களேன்!

* * *

இதுவரை சொன்னதெல்லாம் இருக்கிற மைதானத்தைப் பற்றி. இல்லாத மைதானத்தை என்ன செய்வது? கட்டுரையின் தலைப்புக்கு இப்போதுதான் வருகிறேன்.

சார்லஸ் பிளேர் மக்டானல்டு என்றொருவர். 1872-ல், பதினாறு வயதுப் பையனாக, படிப்புக்காக அமெரிக்காவிலிருந்து செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு அனுப்பப்பட்டவர். படித்தாரோ இல்லையோ, கோல்ஃபைக் கற்றுக்கொண்டு திரும்பினார். பிற்பாடு பிரிட்டன் முழுவதும் அலைந்து, அங்குள்ள சிறந்த குழிகளை எல்லாம் அளந்து, படம் வரைந்து எடுத்து வந்து, அமெரிக்காவில் அவற்றின் சாயலில் மைதானங்கள் அமைத்தார். இந்தக் குழி செயின்ட் ஆண்ட்ரூஸினுடையது, அது நார்த் பெர்விக்கினுடையது என்று சொல்லும்படி இருக்கும். கம்ப்யூட்டர் பிறப்பதற்கு முன்பே மைதானத்தை நகல் எடுத்த ஆசாமி அவர். அவருக்கு வலது கையாக இருந்த ஸெத் ரேனரோ கோல்ஃப் ஆட்டக்காரரே அல்ல, ஒரு சர்வேயர்! அளக்கத் தெரிந்தவர்.

இந்த இருவருமாக நியூயார்க் பக்கத்தில், லாங் ஐலண்டின் கடலோரச் சதுப்பு நிலம் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். பக்கத்துக் கால்வாயிலிருந்து சுமார் இருபது லட்சம் கன கெஜம் மணலை உறிஞ்சி எடுத்துக் கொட்டி, தண்ணீராக இருந்த இடத்தில் மேடும் பள்ளமும் செய்தார்கள். 1917-ல் திறந்த அந்த மைதானத்துக்கு லிடோ என்று பெயர். இயற்கை கொடுத்த தரை அல்ல. ஒவ்வொரு மேடும் மனிதன் யோசித்து வைத்த மேடு. உலகத்திலேயே தலைசிறந்த மைதானங்களில் ஒன்று என்று அந்நாளில் பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் கொண்டாடினார்கள்.

அதன் பதினெட்டாவது குழிக்கு ஒரு கதை உண்டு. 1914-ல் 'கண்ட்ரி லைஃப்' என்ற ஆங்கில வாரப் பத்திரிகை, நல்ல குழி ஒன்றை வரைந்து அனுப்புங்கள் என்று வாசகர்களுக்குப் போட்டி வைத்தது. முதற்பரிசு பெற்றவர் அலிஸ்டர் மக்கென்ஸி என்ற டாக்டர். அந்தப் படத்தைத்தான் கொஞ்சம் மாற்றி லிடோவின் கடைசிக் குழியாகக் கட்டினார்கள். டாக்டர் மக்கென்ஸி பிற்பாடு வைத்தியத்தை விட்டுவிட்டு மைதானம் அமைப்பதையே தொழிலாக்கிக்கொண்டார். சற்று முன் சொன்ன அகஸ்டாவை வரைந்தவர்களில் அவரும் ஒருவர். பத்திரிகைப் போட்டிகளை இளக்காரமாகப் பேசும் கணவன்மார்களுக்கு இந்தப் பாராவைப் படித்துக் காட்டுங்கள்.

இரண்டாம் உலக யுத்தம் வந்தது. 1942-ல் அமெரிக்கக் கடற்படை அந்த நிலத்தை எடுத்துக்கொண்டது. மைதானம் அழிந்தது. யுத்தம் முடிந்த பிறகும் அது திரும்பவில்லை. அந்த இடத்தில் வீடுகள் வந்துவிட்டன. இருபத்தைந்து வருஷம் வாழ்ந்து ஒரு மைதானம் செத்துப்போயிற்று. எந்த விமானம் இப்போது பறந்து அளந்தாலும் வீட்டுக் கூரையும் தெருவும்தான் கிடைக்கும். அடியில் பழைய மேடும் இல்லை, பள்ளமும் இல்லை.

சிக்காகோ பக்கத்தில் பீட்டர் ஃப்ளோரி என்றொருவர். நிதித்துறை ஆலோசகர் உத்தியோகம்; பழைய கோல்ஃபில் பித்து. 'தி கோல்ஃப் கிளப் 2019' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டில், ஆடுகிறவர்களே மைதானம் கட்டிக்கொள்ள வசதி செய்திருந்தார்கள். ஃப்ளோரி அதில் லிடோவைக் கட்டத் தொடங்கினார். புள்ளிகள் இல்லாமல் கோலம் போடுகிற வேலை! பழைய புகைப்படங்கள், விமானத்திலிருந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள், அந்நாளையப் பத்திரிகைக் குறிப்புகள், இவைதான் அவர் கையில் இருந்தவை. பழைய படத்திலிருந்து உயரத்தைக் கறப்பது எப்படி என்று யோசித்துப் பாருங்கள். ஒரு மேட்டின் பக்கத்தில் ஒரு மனிதர் நின்றுகொண்டிருந்தால், அவரை ஐந்தேமுக்கால் அடி என்று வைத்துக்கொண்டு மேட்டை அளக்கலாம். மேட்டின் நிழல் எவ்வளவு தூரம் விழுந்திருக்கிறது என்று பார்க்கலாம். ஒரு படத்தில் செய்ததை இன்னொரு கோணத்தில் எடுத்த படத்தோடு வைத்துப் பார்த்து, பொருந்தவில்லை என்றால் கலைத்துவிட்டு மறுபடி. பாட்டியின் கல்யாணப் புடவையை ஒற்றைப் புகைப்படத்தை வைத்துக்கொண்டு திரும்ப நெய்யச் சொன்னால் எப்படி இருக்கும்? கரை எத்தனை விரற்கடை, கட்டம் எத்தனை என்று கண்ணை இடுக்கிக்கொண்டு எண்ண வேண்டாமா? அந்த மாதிரி.

அவர் கட்டிய பொம்மை லிடோவைப் பற்றிய செய்தி, மைதானம் கட்டுவதையே தொழிலாகக் கொண்ட கெய்ஸர் குடும்பத்தாரின் காதுக்கு எட்டிற்று. விஸ்கான்ஸின் மாநிலத்தில் அவர்களுக்கு ஸாண்ட் வாலி என்ற இடத்தில் பரந்த மணல் பூமி இருந்தது. மைதானக் கலைஞர் டாம் டோக் அந்த வேலைக்கு அமர்த்தப்பட்டார். அடுத்து நடந்ததுதான் ஆச்சரியம். இதுவரை தரை எண்ணாகி, எண் படமாகிற கதையைப் பார்த்தோம். இங்கே அது தலைகீழாக ஓடிற்று. ஃப்ளோரியின் பொம்மை மைதானத்தின் உயரங்களை எண்களாக எடுத்து, மண் தள்ளும் புல்டோசர்களுக்குள் ஏற்றினார்கள். புல்டோசர் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைச் செயற்கைக் கோள்கள் சொல்ல, அந்த இடத்தில் மண் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்பதை எண்கள் சொல்ல, அதற்குத் தக்கபடி தகடு ஏறியும் இறங்கியும் மணலை வடித்தது. அதன்மேல் டோக்கின் ஆட்கள் பழைய படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கையால் திருத்தினார்கள். யந்திரம் போட்ட தையலுக்குக் கடைசியில் கைத்தையல் போடுவதில்லையா?

2023-ல் லிடோ மறுபடி திறந்தது. எண்பது வருஷங்களுக்கு மேல் ஆகிவிட்டன. பழைய லிடோவில் ஆடிய யாரையாவது கூட்டிக்கொண்டு வந்து, "சரியாக இருக்கிறதா?" என்று கேட்க முடியாது. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ! சரியான நகல்தானா என்று பண்டிதர்கள் வாதாடலாம். மக்டானல்டுக்கே அதில் ஆட்சேபம் இருந்திருக்காது என்பது என் கட்சி. ஸ்காட்லாந்துக் குழிகளைப் பார்த்து அவர் செய்தது லிடோ. லிடோவின் படத்தைப் பார்த்து ஃப்ளோரி செய்தது இன்னொன்று. அதைப் பார்த்துப் புல்டோசர் செய்தது மூன்றாவது. நகலுக்கு நகல், அதற்கும் நகல். நம் வீட்டுக் கோலங்களும் அப்படித்தானே வந்து சேர்ந்திருக்கின்றன? மாமியார் நோட்டிலிருந்து நாத்தனார் எழுதிக்கொண்டு, அவளிடமிருந்து நாம் எழுதிக்கொண்டு!

ஒன்றே ஒன்றைத்தான் அவர்களால் கொண்டுவர முடியவில்லை. பழைய லிடோவின் எட்டாவது குழிக்கு 'ஓஷன்', அதாவது சமுத்திரம், என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆடுகிறவரின் பக்கத்திலேயே அட்லாண்டிக் அலை வந்து மோதும். விஸ்கான்ஸினிலோ கடல் எட்டாத உள்நாட்டில் அந்த எட்டாவது குழி இருக்கிறது. அதே நீளம், அதே மேடு, கிரீனின் குறுக்கே அதே ஆழமான பள்ளம். அலை இருக்க வேண்டிய பக்கம் திரும்பினால் மணல்.